வெளிநாடு போகும்போது வாட்ஸாப் அறுந்துபோகாமல் இருக்க

வாட்ஸாப்புக்கு உங்களைத் தெரிவது உங்கள் பத்து இலக்க எண்ணை வைத்துத்தான். போன் மாறலாம், ஊர் மாறலாம், இன்டர்நெட் யாருடைய வைஃபையிலிருந்தும் வரலாம். எண் உங்கள் கையில் உயிரோடு இருக்கும்வரை கணக்கும் இருக்கும். ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிற கரூர்க்காரர், பையரை, அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரரைப் பார்க்கப் போகிற திருப்பூர் மெர்ச்சண்டைசர், பேரன் பிறந்திருக்கிறான் என்று ஆறு மாசத்துக்கு அமெரிக்கா கிளம்புகிற கோபி பக்கத்து அப்பாரு, அமுச்சி என்று யாராக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்திய சிம்மைப் போனை விட்டு எடுக்காமல், இன்டர்நெட்டை மட்டும் வேறு வழியில் வாங்கிக்கொள்வது. இதைச் சரியாகச் செய்தால் பாக்கிச் சிக்கல்களில் முக்கால்வாசி வராது.

சிம் எங்கே இருக்க வேண்டும்

முன்பெல்லாம் ஊர் சிம்மைக் கழற்றி வீட்டில் ஒரு பட்டன் போனில் போட்டுவிட்டுப் போவார்கள். ஓ.டி.பி. வந்தால் வீட்டில் இருப்பவர் படித்துச் சொல்வார். இனி அந்தப் பழக்கத்தை நம்ப வேண்டாம். 2025 நவம்பர் 28 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை வாட்ஸாப், டெலிகிராம், சிக்னல், அரட்டை போன்ற ஆப்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. எந்த எண்ணில் கணக்கு தொடங்கினோமோ அந்த சிம், அதே போனில் செயலில் இருந்தால்தான் ஆப் ஓட வேண்டும். இதற்கு அப்போது 90 நாள் கெடு கொடுத்தது. கம்ப்யூட்டரில் ஓடும் வெப் இணைப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது. ரோமிங்கில், அதாவது ஊர் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓட்டிக்கொண்டு இருப்பவருக்கு இதனால் தொந்தரவில்லை, சிம் போனுக்குள் இருந்தால் போதும். ஆக, ஏர்போர்ட்டில் ஊர் சிம்மைப் பிடுங்கிப் பர்ஸில் போட்டுவிட்டு அந்நிய சிம்மைச் செருகும் வேலையை விட்டுவிடுங்கள்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் கவலையில்லை. ஒன்றில் ஊர் சிம், இன்னொன்றில் அங்கே வாங்கும் சிம். ஒரே சிம் துளை உள்ள போனாக இருந்தால் அதில் இ-சிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்தால் போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்கள் வரும்; கூடவே ஈ.ஐ.டி. என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் இ-சிம் போடலாம். இன்டர்நெட்டுக்கு மட்டும் விற்கும் பயண இ-சிம்மில் பேசும் எண் இருக்காது. அதனால் கெடுதல் இல்லை. வாட்ஸாப் உங்கள் ஊர் எண்ணிலேயே ஓடும், டேட்டா மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இ-சிம்மை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். அதற்கு வரும் கியூ.ஆர். கட்டத்தை அதே போனில் வைத்துக்கொண்டு அதே போனால் ஸ்கேன் செய்யப் பல பேர் திண்டாடுகிறார்கள். இன்னொருவர் போனுக்கு அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள், அல்லது ஒரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய இ-சிம்மை ஊர் திரும்பும்வரை அழிக்கக் கூடாது. பல இ-சிம்களை ஒரு தடவைதான் ஏற்ற முடியும்.

ஊர் சிம்மையே பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்மாக மாற்றும் யோசனை இருந்தால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சிம் மாற்றினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்.எம்.எஸ். வரவும் செய்யாது, போகவும் செய்யாது. மோசடியைத் தடுக்க அரசு வைத்திருக்கும் ஏற்பாடு இது. கிளம்பும் நாளன்று காந்திபுரம் கடையில் சிம் மாற்றிவிட்டு, ராத்திரி விமானத்தில் ஏறி, விடிகாலையில் ஓ.டி.பி. வரவில்லை என்று கஸ்டமர் கேரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது ரீசார்ஜ். ஆறு மாசம் போகிறவர் 84 நாள் பேக் போட்டுவிட்டுப் போனால் மூன்றாம் மாசக் கடைசியில் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் நிற்க ஆரம்பிக்கும். ஒரு வருஷ பேக் போடுவது நிம்மதி. இல்லையென்றால் ஊரில் இருக்கும் ஒருவரிடம் கடைசித் தேதியைச் சொல்லி, காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இந்த ரீசார்ஜை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் போடலாம். பிரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் அதை முடக்க சிம் கம்பெனிக்கு உரிமை உண்டு. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிப்பார்கள். முடங்கிய எண் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும், அதன் பின் கெஞ்சினாலும் கிடைக்காது.

இன்டர்நேஷனல் ரோமிங்கைக் கம்பெனி ஆப்பில் இங்கிருந்தே திறந்துவிடுங்கள். போன் செட்டிங்ஸில் இருக்கும் ‘டேட்டா ரோமிங்’ வேறு, கம்பெனி திறந்துவிடும் ரோமிங் வேறு. டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்தாலும் எஸ்.எம்.எஸ். வரும். எனவே ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப், உள்ளூர் சிம் அல்லது இ-சிம்முக்கு ஆன் என்று வைத்துவிட்டால் பில் எகிறாது. ஐபோனில் ‘அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் இ-சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாக ஊர் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தால் எடுத்தவருக்கும் காசு போகும். சொந்தபந்தங்களிடம் வாட்ஸாப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லிவையுங்கள்.

ஆப்புக்குள் செய்து முடிக்க வேண்டியவை

முதல் வேலை டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். செட்டிங்ஸில் அக்கவுன்டுக்குள் இருக்கிறது. ஆறு இலக்க பின் ஒன்றை நீங்களே வைக்க வேண்டும், கூடவே இமெயில் முகவரி கேட்கும். ‘அதெல்லாம் எதுக்குங்க’ என்று இமெயிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். பின் மறந்து, இமெயிலும் இல்லையென்றால் மறுபடி உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பத்து நாள் கண்காட்சிப் பயணத்தில் ஏழு நாள் என்பது கிட்டத்தட்ட முழுப் பயணமும்தான்.

அதே அக்கவுன்ட் பகுதியில் ‘இமெயில் அட்ரஸ்’ என்று தனியாகவும் ஒன்று உண்டு. அதில் முகவரியைக் கொடுத்து உறுதிசெய்து வைத்தால், எஸ்.எம்.எஸ். வராத இடத்தில் வாட்ஸாப் கேட்கும் ஆறு இலக்கக் கோடை (ஓ.டி.பி.) இமெயிலில் வாங்க வழி கிடைக்கும். ‘பாஸ்கீ’ இருந்தால் அதையும் உருவாக்கிவிடுங்கள். கைரேகையையோ முகத்தையோ காட்டி உள்ளே நுழையலாம். இந்த இமெயில் கணக்கே ஊர் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புகிற மாதிரி இருந்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோடுகள் பத்து தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுப்பதை முந்தைய நாள் இரவு வீட்டு வைஃபையில் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் 15 ஜி.பி. இடத்துக்குள் சேரும், அந்த இடம் போட்டோக்களால் நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியில் நின்றுபோயிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ‘லாஸ்ட் பேக்கப்’ என்று காட்டும் தேதியை ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

தொடர்பு எண்களை +91 சேர்த்துச் சேமிப்பது சின்ன வேலை மாதிரி தெரியும். வாட்ஸாப்பில் உங்கள் கணக்கு இந்திய எண்ணில் இருக்கும்வரை வெறும் பத்து இலக்கத்தில் சேமித்த இந்தியப் பெயர்களும் ஓடும். உள்ளூர் சிம்மிலிருந்து சாதாரணமாகக் கூப்பிடும்போதுதான் வம்பு. அந்த நாடு அதைத் தன் ஊர் எண் என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் 0 போட்டுச் சேமித்தவற்றில் 0-ஐ எடுத்துவிட்டு +91 போடுங்கள். வெளிநாட்டு எண்ணுக்கும் இதேதான். துபாய் நண்பர் 05 என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் 0-ஐ விட்டுவிட்டு +971 5 என்று சேமிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு +44, ஜெர்மனிக்கு +49, அங்கேயும் முதல் 0 கழியும். சிங்கப்பூர் +65, அதில் 0 என்ற பிரச்சினையே கிடையாது.

டேட்டாவைக் காப்பாற்ற: ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வில் ‘வென் ரோமிங்’ என்ற வரியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். அங்காளி பங்காளி குரூப்பில் காலையில் வரும் குட்மார்னிங் வீடியோக்களுக்கு யூரோவில் காசு கொடுக்க வேண்டியதில்லை. ‘யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்’ என்பதையும் போட்டுவிடலாம்.

இறங்கிய பிறகு

புது சிம் போட்டதும் ‘உங்கள் எண் மாறிவிட்டதா’ என்கிற மாதிரி வாட்ஸாப் கேட்டால், பழைய எண்ணையே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். அவசரத்தில் ஓகே அடித்துப் புது எண்ணில் பதிந்துவிட்டால், உங்களை யாரும் தேட முடியாத தனிக் கணக்கு ஒன்று உருவாகி நிற்கும். குரூப் எதுவும் அதில் இருக்காது.

ஹோட்டல் வைஃபை பிடித்திருக்கிறது என்று காட்டும், ஆனால் மெசேஜ் எதற்கும் கடிகாரக் குறிதான், ஒற்றை டிக்கூட விழாது. பெரும்பாலும் காரணம், ஹோட்டலின் உள்நுழைவுப் பக்கம் இன்னும் திறக்கவில்லை என்பதே. பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். ரூம் நம்பரும் பெயரும் கேட்கும் பக்கம் வரும். அதுவும் வராவிட்டால் ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்பதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். விளம்பரத்தைத் தடுக்க அதில் ஏதாவது போட்டிருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. மெசேஜ் போகிறது, ஆனால் கால் மட்டும் ‘கனெக்டிங்’ என்றே நிற்கிறது என்றால் அந்த வைஃபை கால்களை வடிகட்டுகிறது என்று அர்த்தம்; மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

‘போன் தேதி சரியில்லை’ என்று வந்தால் தேதி நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும். ஆப்பைத் திறந்தால்தான் மெசேஜ் கொட்டுகிறது என்றால் பேட்டரி சேவர் வாட்ஸாப்பைத் தூங்கவைத்திருக்கிறது. ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ அனுமதியையும் கொடுக்க வேண்டும். இ-சிம்மில் சிக்னல் இருந்தும் நெட் வரவில்லையா? அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கப்புறம் விற்றவர் அனுப்பிய ஏ.பி.என். (சிம் எந்த வழியில் நெட்டில் சேர வேண்டும் என்று சொல்லும் செட்டிங்) பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

எது நடந்தாலும் வாட்ஸாப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். நெட் கோளாறுக்கும் ஆப்புக்கும் சம்பந்தமில்லை. அழித்தால் உள்நுழைவு போகும், கடைசி பேக்கப்புக்குப் பின் வந்த பேச்சுகள் போகும், ஓ.டி.பி. தேவை என்ற புதுத் தொல்லை வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து ‘உள்ளயே போகமாட்டீங்குதுங்க’ என்று கூப்பிடுகிறவர்களை விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்திருப்பார்கள்.

ஆறு இலக்கக் கோடு வரவில்லை என்றால்

எப்படியோ வெளியேறிவிட்டது, கோடு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எண்ணைச் சரிபாருங்கள். நாடு இந்தியா என்று தேர்வாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பதால் அந்த நாட்டின் கோடு தானாக வந்து உட்கார்ந்திருக்கும், அதைக் கவனிக்காமல் பத்து இலக்கத்தை அடித்தால் எஸ்.எம்.எஸ். யாரோ ஒருவருக்குப் போகும்.

எண் சரி என்றால், ஊர் சிம்மில் சிக்னல் கட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பட்டியலில் வரும் கம்பெனிகளை ஒவ்வொன்றாகக் கைமுறையாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். கட்டை தெரிந்தும் வரவில்லையென்றால் வேறு யாரையாவது அந்த எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தால் சிம் நன்றாக இருக்கிறது, கோடுதான் தாமதமாகிறது; மெசேஜ் ஆப்பின் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். அது வராவிட்டால் ரோமிங் திறக்கவில்லை அல்லது பேக் தீர்ந்துவிட்டது. ஹோட்டல் வைஃபையில் கம்பெனி ஆப்பைத் திறந்து ரீசார்ஜ் செய்யலாம். ஊரில் இருப்பவரும் போடலாம்.

‘ரீசென்ட்’ பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரம் நீண்டு, நிமிஷங்கள் மணிக்கணக்காகும். தப்பான கோடை அடித்துப் பார்ப்பதற்கும் அதே தண்டனை. ஒரு தடவை கேட்டுவிட்டு அந்த நேரம் ஓடும்வரை பொறுங்கள். அதன் பின் ‘கால் மீ’யைத் தேர்ந்தெடுத்தால் ஊர் எண்ணுக்கு அழைப்பு வந்து கோடைச் சொல்லும். ரோமிங்கில் அந்த ஒரு நிமிஷத்துக்குக் காசு பிடிக்கும், பரவாயில்லை.

கோடு வந்த பின் யாருக்கும் சொல்லாதீர்கள். நண்பர் கணக்கிலிருந்தே ‘தெரியாம உனக்கு ஒரு கோடு வந்திருக்கும், அனுப்பு கண்ணு’ என்று மெசேஜ் வந்தாலும் அது அவர் கணக்கைத் திருடியவன்தான்.

துபாய், சீனா

ஷார்ஜா, துபாய், அபுதாபி எதில் இறங்கினாலும் வாட்ஸாப் மெசேஜ், போட்டோ, வாய்ஸ் நோட் போகும். கால் போகாது. அமீரகத்தில் இன்டர்நெட் கால்களுக்கு அனுமதி வாங்கிய ஆப்கள் மட்டும்தான் ஓடும்; போட்டிம், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டில் இருப்பவரும் அதே ஆப்பைப் போட்டிருக்க வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே அம்மாவின் போனில் ஏற்றி, ஒரு கால் பேசிப் பழக்கிவிடுங்கள். வி.பி.என். (இன்டர்நெட்டை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டால் கால் வரும் என்று அங்கே பழையவர்கள் சொல்வார்கள். 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டத்தில் வி.பி.என்.-ஐக் குற்றத்துக்கோ அதை மறைக்கவோ பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் எழுதியிருக்கிறார்கள். வாய்ஸ் நோட்டே போதும்.

சீனாவில் 2017-லிருந்து வாட்ஸாப் முழுதாகத் தடை. கூகுளும் கிடையாது, அதனால் ஜிமெயிலும் டிரைவ் பேக்கப்பும் சேர்ந்தே நிற்கும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் குவாங்சோவில் நடக்கும் கேன்டன் கண்காட்சிக்கு மெஷினும் பட்டனும் ஜிப்பும் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஹோட்டல் வைஃபையிலும் அங்கே வாங்கிய சிம்மிலும் வாட்ஸாப் வராது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா ஊர்க் கம்பெனி வழியாகவே சுற்றி வருவதால் அதில் ஓடும். ஆக மற்ற நாடுகளுக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, சீனாவுக்கு மட்டும் ஊர் சிம்மிலேயே டேட்டா ரோமிங் பேக் போட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்கள் வீசாட் கேட்பார்கள். அது 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்த ஆப்களில் ஒன்று, ஊர் திரும்பிய பின் அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. சப்ளையரின் இமெயிலையும் விசிட்டிங் கார்டையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஹாங்காங்கில் இந்தத் தடை இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் வெப்

முதலாளி ஜெர்மனியில், அவர் வாட்ஸாப் வெப் திருப்பூர் ஆபீஸில் என்பது இங்கே சகஜம். நான்கு கருவிகள்வரை இணைக்கலாம். முதன்மைப் போனை 14 நாள் திறக்காவிட்டால் எல்லாம் தானாக அறுந்துவிடும். மேலே சொன்ன ஆறு மணி நேர விதியால் அதற்கும் முன்பே வெளியேறலாம். கியூ.ஆர். கட்டத்தை ஆபீஸ் திரையிலிருந்து ஜெர்மனியில் ஸ்கேன் செய்ய முடியாது. ‘லிங்க் வித் போன் நம்பர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் எட்டு எழுத்துக் கோடு ஒன்று வரும், ஆபீஸ்காரர் அதை வாசிக்க, முதலாளி தன் போனில் அடிக்க வேண்டும். மோசடிக்காரர்களும் இதே வழியில்தான் நுழைகிறார்கள். நீங்களே கேட்காமல் வரும் கோடை அடிக்காதீர்கள்.

போன் தொலைந்தால், எண் மாறினால்

போன் களவு போனால் ஊர்க் கம்பெனிக்குக் கூப்பிட்டு சிம்மை முடக்குங்கள். டூ-ஸ்டெப் பின் இருந்தால் சிம்மை வேறு போனில் போட்டாலும் திருடன் உடனே உள்ளே நுழைய முடியாது. வாட்ஸாப் உதவிப் பக்கம் வழியாகக் கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதலாம், எண்ணை +91 சேர்த்துக் குறிப்பிட வேண்டும். நிறுத்திய கணக்கை 30 நாளுக்குள் மறுபடி திறக்காவிட்டால் அழிந்துவிடும். மாற்று சிம் ஊருக்கு வந்து அடையாளம் காட்டித்தான் வாங்க வேண்டும், வெளிநாட்டில் கிடைக்காது.

வேலைக்கோ படிப்புக்கோ வருஷக்கணக்கில் போகிறவர்கள் அங்கத்திய எண்ணுக்கே மாறிவிடலாம். அக்கவுன்டில் ‘சேஞ்ச் நம்பர்’ என்பதைப் பயன்படுத்துங்கள்; அதே போனில் செய்தால் பேச்சுகளும் குரூப்களும் அப்படியே இருக்கும், தொடர்பில் உள்ளவர்களுக்குத் தகவல் அனுப்பவும் கேட்கும். இதைச் செய்து முடித்த பிறகே ஊர் எண்ணை விடுவதா வேண்டாமா என்று யோசியுங்கள். பேங்கும் ஆதாரும் அந்த எண்ணோடுதான் கட்டியிருக்கின்றன, அவற்றையும் மாற்றாமல் சிம்மைச் சாகவிடக் கூடாது.